திரவமானி

சிவகங்கையிலிருந்து ஏழு நாள் டூட்டி போட்டார்கள்,
ஒரு திரவமானியும் கட்டுப் பிரிக்காத பதிவேடும் தந்து.
காரைக்குடியில் நுரை வாரம்.
"பேரே சரியில்லை, போய் உட்காரும்மா" என்றார் ஆய்வாளர்.

மகர்நோன்புப் பொட்டலில் பதினோரு பந்தல்.
கழனிவாசல் பன்னீர் சோடாவுக்கு நேர் எதிரே
செஞ்சை பன்னீர் சோடா.
முதலாளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.
ஒரே பையன்தான் இரண்டு பேருக்கும்
சிலிண்டர் மாற்றுகிறான்,
இங்கே கேட்டதை அங்கே சொல்லாமல்.

கடைசிப் பந்தல் சிகப்பியுடையது.
பெங்களூரில் ஒன்பது வருஷம்
ஆள் உயர எஃகுக் கலன்களில் பீர் காய்ச்சியவள்.
இங்கே அதற்கு உரிமம் கிடையாதென்பது
என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.
ஆகவே இஞ்சி, வெல்லம்,
கவுனி அரிசி வடித்த கருஞ்சிவப்புக் கஞ்சி,
ஒரு சிட்டிகை ஈஸ்ட்.
"இது பீர் இல்லீங்க மேடம்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"இன்னிக்கு."

திங்கள். கண்ணாடிக் காம்பு
கழுத்து நிமிர்த்தி நின்றது.
ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ஒரு புட்டியை மாதிரிக்கு அரக்கு வைத்து
பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய் ராத்திரி அவளுடைய மெல்லிய புட்டிகள்
இரண்டு வெடித்தன.
விடிவதற்குள் செஞ்சைக்காரர்
தடித்த கோலிப் புட்டிகள் நூறு இறக்கிவிட்டார், வாடகை கேட்காமல்.
அது தெரிந்ததும் கழனிவாசல் சாத்தப்பன்
டேங்கரோடு வந்து நின்றார்:
"சம்பை ஊத்துத் தண்ணி இல்லாம
நீ எதைக் காய்ச்சினாலும் கழுநீர்தான் ஆத்தா, பிடி."
ஐஸ் எங்கிருந்து வந்ததென்று
எந்தப் பந்தலிலும் ஒருவரும் சொல்லவில்லை.

புதன். காம்பு ஒரு கோடு இறங்கியிருந்தது.
வியாழன், இன்னும் இரண்டு.
தாங்கிக்கொண்டிருந்த சர்க்கரை
உள்ளே யாருக்கோ சோறாகிக்கொண்டிருந்தது.
காதை வைத்துக் கேட்டேன்,
பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை:
தூரத்து மழைபோல ஒரு சிறுசத்தம்.

கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.
சிக்ரியிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள்
மின்வேதியியலை மறந்து மூன்றாவது கிளாஸ் வாங்கினார்கள்.
கல்யாண வீட்டுச் சமையல் மேஸ்திரி ஒருவர்
மூக்கருகே பிடித்து, "ஆப்ப மாவு" என்றார்.
பிறகு என்னைப் பார்த்து,
"அது பொங்கும்போது யாரும்மா
கண்ணாடி விட்டுப் பாக்குறா?"
பதில் இருந்தது என்னிடம், விதி எண்ணோடு.
சொல்லவில்லை.

வெள்ளி மாலை நாலு மணி.
சிவப்புக் கோட்டுக்கு மேலே
ஒரு தலைமயிர் இடைவெளி.
சிகப்பியும் குனிந்து பார்த்தாள்.
இருவர் மூச்சும் பட்டுக் கண்ணாடி மங்கியது.
"நாளைக் காலை ஏழு மணிக்கு அளப்பேன்" என்றேன்.
அளவுக்கு மேல் சத்தமாகச் சொன்னேனோ என்னவோ,
எதிர்ப்பந்தல்கள் இரண்டும் ஒரே நேரத்தில்
தங்கள் விளக்கை அணைத்தன.
"எங்க சரக்கு தீர்ந்துபோச்சு, அங்க போங்க"
என்றார் சாத்தப்பன், மைக்கில்,
காலடியில் நாற்பது கிரேடு நிறைந்திருக்க.

பஸ் ஸ்டாண்ட் கண்டக்டர்கள் வந்தார்கள்.
பூக்கட்டுகிறவர்கள் கூடையோடு வந்தார்கள்.
மண்டபத்தில் பந்தி முடிந்த கூட்டம்
வெற்றிலை வாயோடு வந்தது.
நான் லாட்ஜுக்குப் போய்
சீக்கிரமே படுத்துவிட்டேன்.

சனி, ஏழு மணி.
நாலு டிரம்மும் கழுவிக் கவிழ்த்திருந்தன.
அடியில் சுற்றிய ஈரத்தை எறும்புகள் அளந்துகொண்டிருந்தன.
மாதிரி கிடைக்கவில்லை, எழுதினேன்.
ஞாயிறு, இரண்டு பன்னீர் சோடாவும் குடித்துப் பார்த்தேன்.
கழனிவாசல் ஒரு மாற்று கூடுதல்.
இதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் பஸ் கல்லல் தாண்டியபோது
மடியில் படீரென்றது.
திங்கட்கிழமைப் புட்டி.
அரக்கு, மூடி, அரசு முத்திரை
முன்சீட்டுக்காரர் தோளில்.
நுரை பதிவேட்டுக்குள் ஏறி
"ஒன்றுமில்லை"யின் மையைக் கரைத்து
என் கையெழுத்து வரை பரவியது.
பஸ் முழுக்க இஞ்சி.

"என்னம்மா அது?" என்றார் கண்டக்டர்.
தேதியை நினைத்துப் பார்த்தேன்.
"எந்தக் கிழமை கேக்குறீங்க?" என்றேன்.